'நீங்க கேட்கவே இல்லையேம்மா' என்கிறார் தரகர்

வாசகி கேள்வி: நான் ஓய்வு பெற்ற ஆசிரியை. வேளச்சேரியில் 2009-இல் கட்டிய அடுக்ககத்தில் முதல் மாடி ஃபிளாட் ஒன்றை என் மகனும் நானும் 68 லட்சத்துக்குப் பேசி, 5 லட்சம் முன்பணம் கொடுத்து ஒப்பந்தம் எழுதினோம். அதைப் பதிவு செய்யவில்லை. 90 நாள் கெடுவில் 40 நாள் போய்விட்டது. தரகர் முதலில் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியில் 'மழைத் தண்ணி நிக்காத ஏரியா, சிஎம்டிஏ அப்ரூவ்டு பில்டிங்' என்று இருந்தது. போன வாரம் அங்கே காவலாளியிடம் பேச்சுக் கொடுத்தபோதுதான், 2015-லும் 2023-லும் கார் நிறுத்துமிடத்தில் இடுப்பளவு தண்ணீர் நின்றதும், மூன்றாவது மாடியே அனுமதி இல்லாமல் கட்டியது என்பதும் தெரிந்தது. தரகரைக் கேட்டால், 'நீங்க கேட்கவே இல்லையேம்மா, அதெல்லாம் ஓனர்தான் சொல்லணும்' என்கிறார். எங்களிடம் 2 சதவீதம் பேசி 50,000 வாங்கிவிட்டார். விற்பவரிடமும் 2 சதவீதமாம். குரோம்பேட்டையில் உள்ள எங்கள் தனி வீட்டை விற்றுத்தான் இதை வாங்க வேண்டும். அதையும் இவரிடமே ஒப்படைத்திருக்கிறோம். பக்கத்து வீட்டுக்காரர் எங்கள் மூன்றடிச் சந்தில் பங்கு கேட்டு வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். 'அதை பார்ட்டிகிட்ட சொல்லிடாதீங்க, ஓடிடுவாங்க' என்கிறார் தரகர். அவர் கொண்டுவந்த பார்ட்டியோ ஆறு மாதக் கெடு கேட்கிறார். ஒப்பந்தத்தில் 'அவர் அல்லது அவர் குறிப்பிடும் நபர்' என்று எழுதச் சொல்கிறார். விசாரித்தால் அவர் தரகரின் மைத்துனராம். தரகர் எதையெல்லாம் சொல்லக் கடமைப்பட்டவர்? எங்கள் முன்பணம் திரும்ப வருமா?

பதில்:

அம்மா, முதலில் ஒன்று. 'எங்களுக்கு இந்த ஃபிளாட் வேண்டாம்' என்று யாரிடமும் இப்போது சொல்லாதீர்கள். போனிலும் வேண்டாம், வாட்ஸ்அப்பிலும் வேண்டாம். வாங்குபவர் பின்வாங்கினால் முன்பணம் கிடையாது என்றொரு வரி உங்கள் ஒப்பந்தத்தில் பெரும்பாலும் இருக்கும். நீங்கள் முந்திக்கொண்டு வேண்டாம் என்றால், ஒப்பந்தத்தை மீறியவர் நீங்கள் ஆகிவிடுவீர்கள். விற்பவர் மறைத்தது பின்னுக்குப் போய், நீங்கள் பின்வாங்கியதுதான் வழக்கின் மையமாகிவிடும். 'மீதிப் பணம் தயாராக இருக்கிறது, இந்தக் கேள்விகளுக்குப் பதில் வேண்டும்' என்ற நிலையிலேயே நில்லுங்கள்.

இனி தரகரின் கடமை. வீடு, மனை விற்பனையை ஒழுங்குபடுத்தும் ரெரா சட்டம் வந்த பிறகு தரகர்கள் எல்லோரும் அதற்குள் வந்துவிட்டார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். 2016-ஆம் ஆண்டு ரெரா சட்டத்தின் 9-ஆவது பிரிவு, அந்தச் சட்டத்தில் பதிவான திட்டங்களில் மனையோ ஃபிளாட்டோ விற்றுக் கொடுக்கும் தரகரைத்தான் பதிவு செய்யச் சொல்கிறது. 2009-இல் முடிந்த கட்டடத்தில் கைமாறும் பழைய ஃபிளாட் அதில் வராது. உங்கள் தரகர் வேறு திட்டங்களுக்காக ரெரா எண் வாங்கி விசிட்டிங் கார்டில் போட்டிருந்தாலும், இந்த வியாபாரத்துக்காக அவர்மேல் ரெரா ஆணையத்துக்குப் போக முடியாது. புதுத் திட்டமாக இருந்திருந்தால் கதை வேறு. 10-ஆவது பிரிவின்படி, வாங்குபவருக்கு உரிய தகவல்களும் ஆவணங்களும் முன்பதிவு செய்யும்போதே கிடைக்கத் தரகர் வழிசெய்ய வேண்டும். கட்டுநருக்கு இல்லாத அனுமதியை இருப்பதாகச் சொல்லக் கூடாது. மீறினால் நாளுக்கு 10,000 ரூபாய் அபராதம், சொத்து விலையில் 5 சதவீதம் வரை போகும்.

பழைய வீட்டு வியாபாரத்தை ஆளுபவை இரண்டு பழைய சட்டங்கள்: 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டமும் 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டமும்.

சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-ஆவது பிரிவு, சொல்லும் கடமையை விற்பவர் தலையில்தான் வைக்கிறது. சொத்திலோ உரிமையிலோ முக்கியமான குறை இருந்து, அது விற்பவருக்குத் தெரிந்து, வாங்குபவருக்குத் தெரியாமல், சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாததாக இருந்தால், விற்பவர் அதைச் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விட்டால் அது மோசடி என்றே அந்தப் பிரிவு சொல்கிறது. ஆக, 'ஓனர்தான் சொல்லணும்' என்று தரகர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. 'சாதாரணக் கவனம்' என்ற இரண்டு சொற்களில்தான் சிக்கல். வேளச்சேரியில் தண்ணீர் நின்றது ஊரறிந்த செய்தி, விசாரித்திருக்கலாமே என்று விற்பவரின் வக்கீல் கேட்பார். திட்ட அனுமதி நகலை வாங்கிப் பார்த்தால் எத்தனை தளம் என்று தெரிந்திருக்குமே என்பார். இரண்டும் தள்ளிவிடக்கூடிய வாதங்கள் அல்ல. வெறும் மௌனத்தை மட்டும் வைத்து வழக்காடினால் தோற்கும் வாய்ப்பும் உண்டு.

உங்களைக் காப்பாற்றுவது அந்த வாட்ஸ்அப் செய்தி. தண்ணீர் நிற்காது, அனுமதி பெற்ற கட்டடம் என்று இரண்டு விஷயங்களைத் தரகர் வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார். மௌனத்துக்கும் பொய்க்கும் ஒப்பந்தச் சட்டம் கொடுக்கும் இடம் வேறு வேறு. பேசாமல் இருந்து ஏமாற்றினால், 'விசாரித்திருந்தால் தெரிந்திருக்குமே' என்ற பதில் 19-ஆவது பிரிவில் அவர்களுக்கு இருக்கிறது. பொய் என்று தெரிந்தே சொன்ன சொல்லுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. 'அது புரோக்கர் சொன்னது, நான் சொல்லவில்லை' என்று உரிமையாளரும் நழுவ முடியாது. தன் வேலையின் போக்கில் தரகர் சொன்ன பொய், அமர்த்தியவரே சொன்ன பொய்யாகும் என்கிறது 238-ஆவது பிரிவு.

'நீங்க கேட்கலையே' என்பதற்கும் வருகிறேன். விற்பவருக்கு மட்டும் வேலை பார்க்கும் தரகர் என்றால், உங்களிடம் பொய் சொல்லாமல் இருந்தால் போதும் என்று ஓரளவுக்கு வாதிடலாம். உங்களிடம் 2 சதவீதம் பேசி 50,000 வாங்கிய நாளிலிருந்து அவர் உங்களுக்கும் முகவர். முகவர் தன் எஜமானருக்காகத் திறமையோடும் கவனத்தோடும் நடந்துகொள்ள வேண்டும் என்கிறது 212-ஆவது பிரிவு. தெரிந்த குறையை, கேட்டால்தான் சொல்வேன் என்பது அந்தக் கவனம் ஆகாது. உங்களுக்குக் கடமைப்பட்டவர் இல்லை என்றால் எதற்கு உங்களிடம் கமிஷன் என்று அவரிடமே கேளுங்கள். இரண்டு பக்கமும் கமிஷன் வாங்குவது நம் ஊரில் சாதாரண வழக்கம். அதை மட்டும் குற்றம் என்று சொல்ல மாட்டேன். இரண்டு பேருக்கும் தெரிந்து, இரண்டு பேரும் சம்மதித்து வாங்க வேண்டும். உங்களிடம் மறைத்தது தவறு.

இப்போது செய்ய வேண்டியது ஒரு கடிதம். விற்பவர் முகவரிக்கு, தரகருக்கு நகலோடு, ஒப்புகை வசதியுள்ள ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். கேட்ட ஆவணங்களைக் காட்டுவதும், சொத்தைப் பற்றிய கேள்விகளுக்குத் தெரிந்தவரை பதில் சொல்வதும் விற்பவர் கடமை என்று அதே 55-ஆவது பிரிவே சொல்கிறது. கேள்வியை எப்படிக் கேட்கிறோம் என்பதில்தான் சூட்சுமம். 'வெள்ளம் வருமா?' என்று கேட்டால், 'பெரிசா ஒண்ணும் வராது' என்று பதில் வரும். அதை வைத்துக்கொண்டு எங்கும் போக முடியாது. இப்படிக் கேளுங்கள்: 'டிசம்பர் 2015-இலும் டிசம்பர் 2023-இலும் இக்கட்டடத்தின் கார் நிறுத்தும் ஸ்டில்ட் தளத்தில் எத்தனை அடி உயரம், எத்தனை நாள் தண்ணீர் நின்றது? லிஃப்ட், மோட்டார், மின் மீட்டர் பலகை எவை பழுதாயின? சங்கம் அதற்காக ஒவ்வொரு வீட்டிலும் வசூலித்த தொகை எவ்வளவு?' கடைசிக் கேள்வி முக்கியம். தண்ணீர் வந்ததை மறுக்கலாம். சங்கத்தின் வசூல் நோட்டை மறுப்பது கடினம்.

கட்டடம் குறித்து: 'திட்ட அனுமதி எண், தேதி என்ன? அனுமதித்த தளங்கள் எத்தனை, வீடுகள் எத்தனை? இப்போது இருப்பவை எத்தனை? பணி நிறைவுச் சான்று உண்டா? விதிமீறல் தொடர்பாக சிஎம்டிஏ அல்லது மாநகராட்சியிடமிருந்து எந்த நோட்டீஸாவது வந்திருக்கிறதா?' இவற்றோடு வழக்கு, வங்கி அடமானம், வேறு யாரோடாவது போட்ட ஒப்பந்தம், சொத்து வரி, குடிநீர் வரி, சங்கப் பராமரிப்புப் பாக்கி ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பதிலுக்குப் பத்து நாள் கொடுங்கள். கடிதத்தின் முதல் பத்தியில், மீதி 63 லட்சம் தயார், கிரையம் முடிக்க விருப்பமாக இருக்கிறோம் என்று ஒரு வரி கட்டாயம் இருக்கட்டும். உண்மையிலேயே தயாராக இருப்பதற்குச் சான்றாக வங்கிக் கடன் அனுமதிக் கடிதம் இருந்தால் நல்லது.

பத்து நாளும் சும்மா இருக்க வேண்டாம். அந்தக் கட்டடத்துக்கு இன்னொரு முறை போய்க் கீழ்த்தளத்தைப் பாருங்கள். தூண்களில் ஒரே உயரத்தில் பெயிண்ட் நிறம் மாறுகிறதா? மீட்டர் பலகை தலைக்கு மேலே ஏற்றி மாட்டப்பட்டு, பழைய பலகை இருந்த இடத்தில் ஆணித் துளைகள் தெரிகின்றனவா? மோட்டாருக்குப் புதிதாக மேடை கட்டியிருக்கிறார்களா? கேட்டின் கீழ்க் கீல் மட்டும் துருப்பிடித்து மேல் கீல் நன்றாக இருக்கிறதா? தேதி தெரியும்படி படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் உண்மையைச் சொன்னால், தண்ணீரைவிட எனக்கு அந்த மூன்றாவது மாடிதான் உறுத்துகிறது. முதல் மாடி வீட்டுக்குள் தண்ணீர் வரப்போவதில்லை; காரும் மோட்டாரும்தான் பாடுபடும், விலையில் அதைக் கழித்துப் பேசலாம். அனுமதி இல்லாத தளம் மொத்தக் கட்டடத்தின் சிக்கல். நோட்டீஸ் வந்தால் கட்டடத்துக்கு வரும். நாளைக்கு நீங்கள் விற்கப் போனால் வங்கி தயங்கும். பிரிபடாத பாகத்திலும், அதாவது மனையில் ஒவ்வொரு ஃபிளாட்டுக்கும் எழுதித் தரும் பங்கிலும், கை வைத்திருப்பார்கள். ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். மனை இரண்டு கிரவுண்டு, அதாவது 4,800 சதுர அடி என்று வைத்துக்கொள்வோம். அனுமதித்த எட்டு வீட்டுக்கும் தலைக்கு 600 என்று எழுதிக் கொடுத்தால் மனை தீர்ந்துவிட்டது. மூன்றாவது மாடியில் இரண்டு வீடு கட்டி, தலைக்கு 400 என்று விற்றிருந்தால் மொத்தம் 5,600. இல்லாத 800 சதுர அடி பத்திரத்தில் மட்டும் இருக்கிறது. விற்க மனை மிச்சமில்லாமல் எழுதிய பத்திரம்தான் முதலில் அடிவாங்கும். அதனால் உங்கள் ஃபிளாட்டைக் கட்டுநர் முதன்முதலில் விற்ற பத்திரம், தேதி வரிசையில் முதல் எட்டுக்குள் வருகிறதா என்பது முக்கியம்.

இதைக் கண்டுபிடிக்கத் தரகர் தயவு தேவையில்லை. பதிவுத்துறை இணையதளத்தில் ஃபிளாட்டுக்கு மட்டும் என்று பார்க்காமல், மொத்த சர்வே எண்ணுக்கும் 2007-இலிருந்து வில்லங்கம் போட்டுப் பாருங்கள். இணையத்தில் பார்க்கக் கட்டணம் இல்லை. ஒவ்வொரு பதிவிலும் உள்ள பிரிபடாத பாகத்தை ஒரு தாளில் எழுதிக் கூட்டுங்கள். மறுவிற்பனைகளை இரண்டு முறை எண்ணிவிடாமல், கட்டுநரோ நில உரிமையாளரோ முதலில் எழுதிக் கொடுத்தவற்றை மட்டும் கூட்ட வேண்டும். திட்ட அனுமதி நகலை, அனுமதி எண்ணைக் குறிப்பிட்டுத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். அதற்கு 30 நாள் ஆகலாம் என்பதால் இன்றே மனுப் போடுங்கள். வில்லங்கச் சான்று சுத்தமாக இருப்பதை வைத்து நிம்மதி அடைந்துவிடாதீர்கள். பதிவாகாத ஒப்பந்தம், நிலுவை வழக்கு, உயில், வரிப் பாக்கி இவற்றில் பெரும்பாலானவை அதில் வராது. உங்கள் ஒப்பந்தமே அதில் வராதே!

விற்பவர் பதில் தராவிட்டாலோ, தந்த பதில் காவலாளி சொன்னதை உறுதிப்படுத்தினாலோ, அப்போது வக்கீல் மூலம் நோட்டீஸ்: பொய்த் தகவலை நம்பிப் போட்ட ஒப்பந்தம், ஒப்பந்தச் சட்டத்தின் 19-ஆவது பிரிவின்படி அதை விலக்கிக்கொள்கிறோம், 5 லட்சத்தை வட்டியோடு திருப்புங்கள். நியாயமான காரணத்தோடு வாங்க மறுக்கும்போது, கொடுத்த முன்பணத்துக்கு அந்த ஃபிளாட்டின் மீதே உங்களுக்குப் பொறுப்புரிமை, அதாவது அந்தச் சொத்திலிருந்தே பணத்தை வசூலிக்கும் உரிமை, உண்டு என்கிறது சொத்து மாற்றுச் சட்டம் 55-ஆவது பிரிவின் ஆறாவது உட்பிரிவு. நோட்டீஸில் இந்த வரி இருந்தால், அடுத்த பார்ட்டியைத் தேடும் விற்பவர் கொஞ்சம் யோசிப்பார். வழக்குப் போட மூன்று ஆண்டு அவகாசம் உண்டு. அவ்வளவு தூரம் போவதற்கு முன் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் சமரசத்துக்கு மனுக் கொடுத்துப் பாருங்கள். முன்பண வழக்குகள் பல மேசையில் முடியக்கூடியவைதான். போலீஸுக்குப் போகச் சொல்லி உங்களைச் சுற்றியுள்ளவர்கள் சொல்வார்கள். சிவில் தகராறு என்று திருப்பி அனுப்பிவிட்டால், மறுபக்கத்துக்குத்தான் தைரியம் வரும்.

ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாதது பற்றி: தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் கிரைய ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது கட்டாயம். பதிவாகாததை வைத்து கிரையம் செய்து தரக் கேட்கும் வழக்குப் போடலாம் என்று உச்ச நீதிமன்றம் 2023-இல் சொன்னாலும், இடையில் வேறொருவருக்கு விற்றுவிட்டால் உங்கள் ஒப்பந்தம் இருப்பதே அவருக்குத் தெரியாது. அடுத்த முறை கட்டாயம் பதிவு செய்யுங்கள். முன்பணத்தை வங்கி வழியாகத்தானே கொடுத்தீர்கள்? சொத்துக்காக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவது வருமான வரிச் சட்டப்படி தவறு. பிறகு, 50 லட்சத்துக்குக் குறையாத விலை என்பதால் கிரையத்தில் 1 சதவீத வரியைப் பிடித்துக் கட்ட வேண்டியவர் நீங்கள். இதையும் தரகர் சொல்லியிருக்க மாட்டார்.

கமிஷனுக்கு வருவோம். தனியாக வேறு பேச்சு இல்லாவிட்டால், வேலை முடியாமல் முகவருக்குக் கூலி கிடையாது, அது ஒப்பந்தச் சட்டத்தின் 219-ஆவது பிரிவு. வேலையில் முறைகேடாக நடந்தால், அந்தப் பகுதிக்குக் கூலியே கிடையாது, அது 220. முழுக் கமிஷன் 1,36,000-இல் மீதியைக் கொடுக்காதீர்கள். கொடுத்த 50,000-த்தை எழுத்தில் திருப்பிக் கேளுங்கள். தராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும், இ-ஜாக்ரிதி என்ற நுகர்வோர் புகார் இணையதளத்தில் வீட்டிலிருந்தே போடலாம், இந்தத் தொகைக்குக் கட்டணம் இல்லை. ஃபிளாட்டை விற்ற தனிமனிதரை அங்கே இழுப்பது கடினம். தரகு ஒரு சேவை என்பதால் தரகரை இழுக்கலாம்.

குரோம்பேட்டை வீட்டில் நீங்கள் விற்பவர். கோபப்படாதீர்கள், வேளச்சேரிக்காரர் உங்களுக்குச் செய்ததைத்தான் தரகர் உங்களைச் செய்யச் சொல்கிறார். சந்து குறித்த நோட்டீஸ் உங்கள் கையில் இருக்கிறது. வாங்குபவர் எத்தனை முறை வந்து பார்த்தாலும் அது தெரியாது. 55-ஆவது பிரிவு சொல்லும் குறைக்கு இதைவிடத் துல்லியமான உதாரணம் கிடைக்காது. நோட்டீஸையும் உங்கள் பதிலையும் ஒப்பந்தத்திலேயே ஒரு பத்தியாக எழுதி, நகலைக் கொடுத்து, 'படித்துப் பார்த்தேன்' என்று கையெழுத்து வாங்குங்கள். ஒன்றிரண்டு பேர் ஓடத்தான் செய்வார்கள். சர்வேயரை வைத்துச் சந்தை அளந்து வரைபடம் தயாராக வைத்திருந்தால் அதுவும் குறையும். எல்லாவற்றையும் கொட்ட வேண்டும் என்பதில்லை. வீட்டில் யாராவது இறந்தார்களா, வாஸ்து சரியா என்றெல்லாம் தானாக வந்து சொல்லச் சட்டம் கேட்கவில்லை; கேட்டால் பொய் சொல்லாதீர்கள், அவ்வளவுதான்.

மைத்துனர் விவகாரம் பழைய வித்தை. ஆறு மாதக் கெடுவில் குறைந்த விலைக்கு ஒப்பந்தம் போட்டு, அதற்குள் கூடுதல் விலைக்கு ஆள் பிடித்து, 'அவர் குறிப்பிடும் நபர்' என்ற வரியை வைத்து நேரே அந்தப் புது ஆள் பெயருக்கு உங்களை எழுதிக் கொடுக்கச் சொல்வார்கள். நடுவில் உள்ள வித்தியாசம் தரகர் வீட்டுக்குப் போகும். தன் சொந்த ஆதாயத்துக்காக வாங்குகிறார் என்றால், முகவர் அதை முழுதாகச் சொல்லி உங்கள் சம்மதம் வாங்க வேண்டும். முக்கியமானதை மறைத்திருந்தாலோ உங்களுக்கு நஷ்டம் என்றாலோ, ஒப்பந்தச் சட்டத்தின் 215-ஆவது பிரிவின்படி வியாபாரத்தை நிராகரிக்கலாம். தெரியாமல் நடந்து முடிந்துவிட்டால், அவர் அடித்த லாபத்தை 216-இன்படி கேட்கலாம். மைத்துனர் பெயரில் வாங்குவது தரகரேதான் என்று நிரூபிக்க வேண்டியவர் நீங்கள். அதனால் நடப்பதற்கு முன் தடுப்பதே மேல். 'குறிப்பிடும் நபர்' என்ற வரியை அடியுங்கள். கெடு அறுபது நாளுக்கு மேல் வேண்டாம். தரகர் பெயருக்கோ அவர் ஆட்கள் பெயருக்கோ பவர் எழுதிக் கொடுக்காதீர்கள். வாங்குபவருக்கும் தனக்கும் உள்ள உறவு, எந்தப் பக்கம் எவ்வளவு கமிஷன், இரண்டையும் தரகர் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போடட்டும். போட மாட்டேன் என்றால் வேறு ஆளைப் பாருங்கள்.

வாட்ஸ்அப் செய்தியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்தால் மட்டும் போதாது. உரையாடலை அழிக்காமல், மொத்தமாக எக்ஸ்போர்ட் செய்து மின்னஞ்சலில் சேமியுங்கள். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆவது பிரிவில் ஒரு சான்றிதழோடுதான் நீதிமன்றம் அதை ஏற்கும். அந்தச் சான்றிதழில் கையெழுத்துப் போடுபவரிடம் செய்தி வந்த போன் இருந்தால் நல்லது. அது வந்தது மகனுடைய போனுக்கு என்றால், வழக்கு முடியும்வரை அதை எக்ஸ்சேஞ்சில் போட வேண்டாம் என்று சொல்லிவையுங்கள்.